வாயில்லாத எதிரி

பொள்ளாச்சியில் கல்லூரி படிக்கிற தம்பி ஒருவர் கேட்டது இது: “ஏனுங்ணா, ஏலியன் படையெடுத்து வர்ற மிலிட்டரி நாவல் எதை எடுத்தாலும் ஒரே பக்கமாச் சாஞ்ச அரசியலாவே இருக்குதே. அது எழுதறவங்க புத்திங்களா, இல்ல அந்த மாதிரிக் கதைக்கே அப்படி ஒரு கோணல் இருக்குதுங்களா? அரசியலத் தள்ளி வெச்சுட்டு சும்மா கதையாப் படிக்க முடியாதுங்களா?”

கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நான் விமானப்படையில் தரைப்பிரிவில் 15 வருஷம் இருந்தவன். கடைசிப் போஸ்டிங் சூலூர். இப்போது இருகூர்ப் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை. இந்த வகை நாவல்களை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் கட்டுக் கட்டாக வாங்கிப் படித்தேன். பிடித்துத்தான் படித்தேன், இன்னும் படிக்கிறேன். அதனால் கீழே சொல்வதைப் புகார்ப் பட்டியலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோணல் இரண்டு இடத்திலும் உண்டு. ஆனால் எழுதினவர் எந்தக் கட்சி என்று தேடிப் போனால் பாதி நேரம் ஏமாந்துதான் வருவீர்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: வந்து இறங்குகிற எதிரிக்கு வாய் இருக்கிறதா? அது பேசுமா, பேசினால் யாராவது காது கொடுப்பார்களா? கொடி, சல்யூட், ஜனாதிபதியின் உரை எல்லாம் மேல்பூச்சு. எதிரியின் வாயை எழுத்தாளர் எங்கே அடைக்கிறாரோ அங்கேயே அரசியல் முடிவாகிவிடும். மிச்சம் முந்நூறு பக்கமும் வெறும் சண்டை.

இது எனக்குப் புத்தகத்தில் விளங்கவில்லை, கோவைக்குப் பக்கத்தில் தடாகம் பள்ளத்தாக்கில் விளங்கியது. சின்னத்தடாகத்தில் என் மாமா ஒருவருக்கு வாழைத் தோட்டம். ஒரே ராத்திரியில் யானை இறங்கி முக்கால் ஏக்கர் நேந்திரனைச் சாய்த்துவிட்டுப் போனது. காலையில் போய்ப் பார்த்தேன். தார் விட்ட மரமெல்லாம் குருத்து உரிந்து கிடக்க, மாமா வரப்பில் டார்ச் லைட்டோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் பேச்சு முழுக்க “புகுந்துடுச்சு”, “விடக்கூடாது”. பத்திரிகைக்காரர்களுக்கும் இதற்கென்றே ஒரு சொல் தயாராக இருக்கிறது, ‘அட்டகாசம்’. ஊருக்குள் புகுந்து அட்டகாசம். 2019 ஜனவரியில் தடாகத்தில் சின்னத்தம்பி யானையைப் பிடித்து டாப்ஸ்லிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது நிற்கவில்லை. நடந்து நடந்து உடுமலைப் பக்கம் கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலை வரை வந்து, கரும்புக் காட்டில் சாவகாசமாக நின்றது. கலீம் உள்ளிட்ட கும்கிகளைக் கொண்டுவந்து பிப்ரவரி நடுவில் மறுபடி பிடித்து வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். அந்த இரண்டு வாரத்தில் எங்கள் மாமாவே மாறிவிட்டார். “பாவம், அது ஊட்டுக்குத்தான திரும்பி வருது” என்றார். யானை மாறவில்லை, அதற்கு ஒரு பேர் வந்துவிட்டது, அவ்வளவுதான். பேர் வந்ததும், செங்கல் சூளைகளுக்குச் செம்மண் தோண்டித் தோண்டிப் பள்ளமாகிப் போன அந்தப் பள்ளத்தாக்கில் யார் யாருடைய தடத்தில் புகுந்தார்கள் என்ற பேச்சும் கூடவே வந்தது. அந்தச் சூளைகளை 2021இல் மூடினார்கள். மாமாவின் வாழை போனதும் நிஜம். நஷ்டம் நிஜமாக இருக்கும்போதே எதிராளிக்கும் ஒரு பேர் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

இனிக் கதைகளுக்கு வருகிறேன்.

இந்த வகையின் தாத்தா ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கும் முந்தின ஒரு பூட்டன் உண்டு. ஜார்ஜ் செஸ்னி என்று ஒரு ராணுவ இன்ஜினியர், நம் நாட்டில் வங்காளப் படையில் வேலை பார்த்தவர், 1857 டெல்லி முற்றுகையில் காயம்பட்டவர். பிரஷ்யா பிரான்சை நொறுக்கிய கையோடு, 1871இல் இங்கிலாந்துக்கும் அந்தக் கதி வரும் என்று ‘டார்க்கிங் சண்டை’ கதையை எழுதினார். ஜெர்மன் பேசுகிற படை கரையிறங்குகிறது, பயிற்சியில்லாத ஆங்கிலத் தொண்டர் படை சிதறி ஓடுகிறது, சாம்ராஜ்யம் முடிந்தது. பிரதமர் கிளாட்ஸ்டனே எழுந்து இதைக் கண்டித்துப் பேசுகிற அளவுக்குப் பரபரப்பு. உள்ளே இருந்தது ஒரே வேண்டுகோள்: ராணுவத்துக்குப் பணம் ஒதுக்கு. கதை வேஷம் கட்டின பட்ஜெட் மனு. இந்த மனு வாடை அன்றிலிருந்து இந்த வகையை விட்டுப் போகவே இல்லை.

1897இல் பத்திரிகைத் தொடராகவும் அடுத்த வருஷம் புத்தகமாகவும் வந்த ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ கதையில் வெல்ஸ், டார்க்கிங் ஊர் இருக்கிற அதே சர்ரே கவுண்டியில், ஜெர்மன்காரன் இருந்த இடத்தில் செவ்வாய்க்காரனை நிறுத்தினார். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே டாஸ்மானியாவின் ஆதிக்குடிகளை ஐரோப்பியர்கள் ஐம்பது வருஷத்தில் துடைத்து எடுத்ததைச் சொல்லி, நாம் செய்ததை இவன் நமக்குச் செய்தால் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை என்று கேட்டுவிடுகிறார். இதைக் கொங்கில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு வேறு ஒன்றும் தோன்றும். வெப்பக்கதிர் பட்டு லண்டன்காரர்கள் ஓடுகிற காட்சி வரும்போது என் மனசில் ஓடியது தீரன் சின்னமலையின் கோட்டை இருந்த ஓடாநிலைதான். 1799இல் திப்பு விழுந்ததும் கோவைச் சீமை கும்பினி கைக்குப் போனது. சின்னமலை சில வருஷம் தாக்குப்பிடித்தார். 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஈட்டிக்கு எதிரே பீரங்கி என்றால் என்னவென்று வெல்ஸ் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என் ‘வாய்’ அளவுகோல் வெல்ஸிடம் கொஞ்சம் தடுமாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய செவ்வாய்க்காரனும் பேசுவதில்லை, மனுஷ ரத்தத்தைத்தான் குடிக்கிறான். ஆனால் எதிரியின் வாயை மூடினவர் வாசகன் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடியைப் பிடித்துவிட்டார். அந்த நாவலில் பலர் மறந்துபோகிற ஒரு ஆள் உண்டு, பீரங்கிப்படைச் சிப்பாய். எல்லாம் அழிந்த பிறகு கதைசொல்லியைப் பிடித்துவைத்து, சாக்கடைச் சுரங்கங்களில் பலசாலிகளை மட்டும் சேர்த்துப் புது மனுஷ இனத்தை வளர்க்கப் போவதாக ஆவேசமாகப் பேசுகிறான். கேட்கிறவனுக்கு மயிர்க்கூச்செறிகிறது. அப்புறம் பார்த்தால் ஒரு வாரமாக அவன் தோண்டியிருப்பது ஒரு சின்னப் பொந்து. சாயங்காலமானதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஷாம்பேனும் சீட்டுக்கட்டுமாக உட்கார்ந்துவிடுகிறான். இந்த வகையின் வாய்ச்சவடால் வீரனை, அவன் பிறக்கும் முன்பே வெல்ஸ் கிண்டல் செய்துவிட்டார். பின்னால் வந்த நிறையப் பேர் அந்தச் சிப்பாயையே கதாநாயகனாக்கியது வேடிக்கை.

நீங்கள் சொல்கிற சாய்வு கெட்டிப்பட்டது அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனிடம். 1951இல் ‘பப்பெட் மாஸ்டர்ஸ்’ கதையில் முதுகில் ஒட்டிக்கொண்டு ஆளை ஆட்டிவைக்கிற அட்டைகளைப் படைத்தார். அது கம்யூனிஸ்ட் பயம்தான் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. 1959இல் ‘ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்’. அமெரிக்கா அணுகுண்டுச் சோதனையை நிறுத்த வேண்டும் என்று 1958இல் வந்த ஒரு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் கொதித்துப்போய், எழுதிக்கொண்டிருந்த வேறு நாவலை ஓரம் வைத்துவிட்டு எழுதியது. அரசுப் பணிக்குத் தானாக முன்வந்து, சொன்ன காலத்தை முடித்து வெளியே வந்தவனுக்குத்தான் அந்த உலகத்தில் ஓட்டு. எதிரிகள் பூச்சிகள். விண்கலம் கட்டத் தெரிந்த பூச்சிகள், ஆனால் நாவல் முழுக்க அவை ஒரு வார்த்தை பேசுவதில்லை. பேச ஆரம்பித்தால் வகுப்பறையில் வாத்தியார் எடுக்கிற அரசியல் பாடம் அத்தனையும் ஆட்டம் கண்டுவிடும்.

இந்த மனிதர் 1938இல் கலிபோர்னியா சட்டமன்றத்துக்கு ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் நின்றவர், அதுவும் அந்தக் கட்சியின் இடதுபக்கத்து ஆளாக. இதே நாவலில் கதைசொல்லி ஜுவான் ரிக்கோவின் வீட்டு மொழி தகலாகு என்று கடைசிப் பக்கங்களில்தான் தெரியவரும். 1959இல் அமெரிக்கப் போர்க்கதையின் நாயகன் ஒரு பிலிப்பினோ. ‘வலதுசாரிப் புத்தகம்’ என்று லேபிள் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

எனக்கு அந்த நாவலில் உறுத்தியது வேறு. ஒருமுறை வடக்கே ஒரு தளத்தில் வேலை முடித்து டூல் போர்டைச் சரிபார்த்தால் ஒரு 10 எம்.எம். ஸ்பேனரைக் காணோம். போர்டில் அதன் உருவம் வரைந்த இடம் மட்டும் காலியாக இளிக்கிறது. ஒரு ஸ்பேனர் குறைந்தாலும் அந்த விமானம் கிளம்பக்கூடாது. என்ஜினுக்குள் கிடந்தால் ஆள் காலி. ஆறு பேர் மூன்று மணி நேரம் பேனலைத் திறந்து, தரையைத் துழாவி, குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். கடைசியில் ஒருத்தன் ஓவர்ஆல் பாக்கெட்டிலேயே இருந்தது. அன்றைக்குப் பறக்கவேண்டியவர் திட்டவே இல்லை, நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். படை என்பது பெரும்பாலும் இதுதான். ஹைன்லைன் படையில் சமையல்காரனும் பாதிரியும்கூடக் குதித்துச் சண்டை போடுவார்கள், அதில் அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை. சொகுசான, ஆபத்தில்லாத வேலைக்கெல்லாம் சிவிலியன்களைக் கூலிக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் அங்கே ஸ்பேனர் எண்ணுகிறவனுக்கு ஓட்டு இல்லை. யுத்தத்தை வெறும் தைரியமாக மட்டும் காட்டவேண்டுமானால் முதலில் ஒர்க்‌ஷாப்பைக் கதையிலிருந்து வெளியேற்ற வேண்டும். அதுவும் அரசியல்தான், யாரும் கவனிக்காத அரசியல்.

1997இல் பால் வெர்ஹூவன் இந்த நாவலைப் படமாக எடுத்தார். ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த ஹாலந்தில் சின்ன வயசைக் கழித்தவர், நாவலைப் பாதியில் மூடிவிட்டு அதையே பகடியாக்கிவிட்டார். நிறையப் பேர் நிஜமான வீரப்படம் என்று நம்பிக் கைதட்டினார்கள்.

ஹைன்லைனுக்குச் சரியான பதில் சொன்னவர் ஜோ ஹால்டிமன், 1974இல் ‘ஃபாரெவர் வார்’ நாவலில். வியட்நாமில் போர்முனை இன்ஜினியராக இருந்து காயம்பட்டுத் திரும்பியவர். ஒளிவேகத்துக்குப் பக்கத்தில் போய் வருகிற சிப்பாய்க்கு ஓரிரு வருஷம்தான், ஊரில் நூற்றாண்டுகள் ஓடிவிடும். 1143 வருஷம் நடந்த சண்டை கடைசியில் எப்படி நிற்கிறது தெரியுமா? மனுஷ இனம் மாறிப்போய், எதிரியோடு பேச வழி கிடைக்கிறது. பேசிப் பார்த்தால், சண்டையை அவர்கள் தொடங்கவே இல்லை. வாய் திறந்த மறுநிமிஷம் யுத்தத்துக்குக் காரணமே இல்லாமல் போய்விடுகிறது. இதுவும் சாய்வுதான், எதிர்ப்பக்கச் சாய்வு. அவருடைய எதிர்காலப் பூமியில் ஆண் பெண் விஷயங்களைப் படிக்கும்போது இன்றைக்கு முகம் சுளிக்கவும் நேரும்.

அடுத்தது எனக்குப் பிரியமான, எரிச்சலும் மூட்டுகிற புத்தகம்: லாரி நிவனும் ஜெர்ரி போர்னெலும் 1985இல் எழுதிய ‘ஃபுட்ஃபால்’. இதில் படையெடுத்து வருவது யானைகள்! குட்டி யானை அளவில், கை மாதிரிக் கிளை பிரிந்த தும்பிக்கையோடு. இவை பேசும். மந்தையாகத்தான் யோசிக்கும். தோற்றவன் மல்லாந்து படுத்துக்கொள்வான், ஜெயித்தவன் அவன் மார்பில் காலை வைப்பான், அத்தோடு தோற்றவன் ஜெயித்த மந்தையின் ஆள். நிலத்தில் விழுந்து கும்பிட்டுவிட்டு ராத்திரி முதுகில் குத்துகிற மனுஷனை அந்த யானைகளால் புரிந்துகொள்ளவே முடியவில்லை. டாப்ஸ்லிப்பில் கும்கியைப் பார்த்த நமக்கு இது சட்டென்று விளங்கும். பிடிபட்டு, பழக்கப்பட்டு, அப்புறம் தன் இனத்தையே பிடிக்கப் போகிற யானை. அமெரிக்க வாசகனுக்குக் கற்பனை, நமக்குக் கோழிகமுத்தி முகாம்.

வாய் இருக்கிறதே, அப்புறம் சாய்வு எங்கே என்று கேட்பீர்கள். இந்த நாவலில் ஜனாதிபதிக்கு யோசனை சொல்ல அறிவியல் புனைகதை எழுத்தாளர்களையே கூட்டிவந்து உட்காரவைக்கிறார்கள். சும்மா விளையாட்டில்லை. போர்னெல் 1980களின் தொடக்கத்தில் நிவன் வீட்டில் நிஜமாகவே அப்படி ஒரு குழுவைக் கூட்டினார், விண்வெளிக் கொள்கை பற்றி அமெரிக்க ஜனாதிபதி ரீகன் தரப்புக்குப் பரிந்துரை அனுப்பினார். 1983 மார்ச் 23 அன்று ரீகன் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தை அறிவித்தார். செஸ்னியின் மனு நூறு வருஷம் கழித்து ராக்கெட் ஏறிவிட்டது.

இன்னொரு சாய்வுக்கு ஆங்கிலத்தில் பேர்கூட வைத்திருக்க மாட்டார்கள். யானைகள் மனுஷனைப் பணியவைக்க ஒரு பெரிய விண்கல்லைக் கொண்டுவந்து போடுகின்றன. எங்கே தெரியுமா? இந்தியப் பெருங்கடலில். அதில் இந்தியா கிட்டத்தட்டத் துடைத்தெடுக்கப்படுகிறது. கதை அமெரிக்காவின் எதிர்ப்போரைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. முதல்முறை அதைப் படித்த சாயங்காலம் நானும் ஒரு நண்பரும் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே, பில் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். கோவை கடல் மட்டத்துக்கு மேலே 400 மீட்டர். பாலக்காட்டுக் கணவாய் அதைவிடத் தாழ்வு. அலை அந்த வாய் வழியாக உள்ளே வந்தால் வாளையாறு போகும், சூலூர் நிற்குமா? ஒரு தேசமே போகிற இடத்தில் இரண்டு பேர் இப்படி ஒரு சந்தோஷமான கணக்குப் போட்டதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. எதிரிக்கே வாய் கொடுத்த நாவலில் வாயில்லாமல் செத்தது நாம். யார் வில்லன் என்பதைவிட, யாருடைய சாவு வெறும் பின்னணி என்பதில் சாய்வு இன்னும் தெளிவாகத் தெரியும்.

இதற்கு அப்புறம் ஓரத்துக்கே போனவர்களும் உண்டு. ஜான் ரிங்கோவின் போஸ்லீன் தொடரில் எதிரி மனுஷனைத் தின்கிறான். தின்கிறவனோடு என்ன பேச்சு? அதனால் எல்லாம் நியாயமாகிவிடும். 2005இல் ரிங்கோ டாம் கிராட்மனோடு சேர்ந்து எழுதிய ‘வாட்ச் ஆன் தி ரைன்’ கதையில், ஜெர்மனியைக் காப்பாற்ற ஹிட்லரின் எஸ்.எஸ். கிழவர்களை இளமையாக்கிக் களத்தில் இறக்குகிறார்கள். எதிரியை அவ்வளவு கேவலமாக்கினால்தான் இவர்களை நல்லவர்களாகக் காட்ட முடியும். இந்தக் கதைகளில் பாராளுமன்றம் முட்டாள், நிருபன் துரோகி, கமிட்டி கோழை. ஆற அமர விவாதிக்கிற எல்லாமே எதிரிக்கு உதவி. படையெடுப்பு என்ற ஏற்பாட்டுக்குள்ளேயே இந்தக் கோணல் இருக்கிறது. வெள்ளம் கழுத்துக்கு வந்த இடத்தில் கதையைத் தொடங்கினால் அணை ஏன் உடைந்தது என்று கேட்கிறவன் பைத்தியக்காரனாகத்தானே தெரிவான்? தொடங்குகிற இடத்தைத் தேர்ந்தெடுப்பது எழுத்தாளர்.

சினிமாவில் இதோடு சரக்கும் சேர்கிறது. அமெரிக்க ராணுவம் டாங்கியும் ஹெலிகாப்டரும் தருவதற்கு முன் திரைக்கதையை வாங்கிப் படிக்கும். 1996இல் ‘இண்டிபெண்டன்ஸ் டே’ படத்தில் ஏரியா 51 என்ற ரகசியத் தளம் வருகிறது என்று உதவியை விலக்கிக்கொண்டது. ஆனாலும் ஜனாதிபதியே போர்விமானம் ஓட்டுகிற அளவுக்குப் படம் விசுவாசமாகத்தான் இருந்தது. எடுத்தவர் ஒரு ஜெர்மன்காரர்.

மற்ற ஊர்க்காரர்கள் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். அப்பா மில்லில் யூனியன்காரர், மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் வீட்டில் வரிசையாக இருந்தன, அதனால் எனக்கு அந்தப் பக்கத்து மேலும் ஒரு பாசம் உண்டு. 1945இல் முர்ரே லெய்ன்ஸ்டர் என்ற அமெரிக்கர், வெட்டவெளியில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு கப்பல்கள் ஒன்றையொன்று நம்ப முடியாமல் தவிப்பதை எழுதினார். சோவியத்தின் இவான் யெஃப்ரெமோவ் 1950களின் கடைசியில் அதற்குப் பதிலாக ஒரு கதை எழுதி, அதில் தன் பாத்திரங்களையே லெய்ன்ஸ்டர் கதையை விவாதிக்கவும் வைத்தார். நட்சத்திரம் தாண்டி வரும் அளவுக்கு வளர்ந்த சமூகம் கம்யூனிச சமூகமாகத்தான் இருக்கும், அது எப்படிச் சண்டைக்கு வரும் என்பது அவர் வாதம். அங்கே எதிரிக்கு வாய் உண்டு, ஆனால் அந்த வாயில் கட்சித் தீர்மானம். சீனத்து லியூ சிஷின் இரண்டுக்கும் எதிர்த் திசை. ‘த்ரீ பாடி’ தொடரின் இரண்டாம் பாகத்தில் பிரபஞ்சமே இருட்டுக் காடு, வாயைத் திறந்தவன் செத்தான். ஹைன்லைனின் பூச்சிக்குப் பேசத் தெரியாது, இங்கே பேச்சே தற்கொலை. பண்பாட்டுப் புரட்சியைப் பார்த்த தேசத்திலிருந்து இப்படி ஒரு கதை வருவதில் ஆச்சரியமில்லை. 2015இல் அமெரிக்க வலதுசாரி ரசிகர்கள் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுப் பட்டியலைக் கூட்டுச் சேர்ந்து நிரப்பியபோது, அந்த வரிசையில் தன் பேரும் வந்ததைப் பிடிக்காமல் மார்கோ க்ளூஸ் என்ற ராணுவப் புனைகதை எழுத்தாளரே விலகிக்கொண்டார். காலியான இடத்தில்தான் லியூ உள்ளே வந்தார், விருதையும் வாங்கினார்.

நம் கதை மட்டும் என்ன? ராத்திரி முழுக்க உடுக்கையடித்துப் பாடுகிற அண்ணன்மார் கதையில் காடு திருத்தி வயலாக்கினவர்கள் நாயகர்கள், முன்பிருந்தே காட்டில் இருந்த வேட்டுவர் எதிரிகள். அந்தப் பாட்டுக்கு நான் இன்னும் கண்கலங்குவேன். வேட்டுவர் வீட்டுத் திண்ணையில் அந்தக் கதை எப்படிக் கேட்கும் என்றும் இப்போது யோசிக்கிறேன். வேற்றுக்கிரகத்தாருக்கு நாம் கொடுத்த நோக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கும்: 1963இல் வந்த ‘கலை அரசி’ படத்தில் நம்பியார் விண்கலத்தில் வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவது அவர்கள் ஊருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க! அமெரிக்க ராணுவத் தலைமையகமான பெண்டகன் இதற்கு என்ன சொல்லியிருக்குமோ தெரியாது.

அரசியலைத் தள்ளி வைத்துவிட்டுப் படிக்க முடியாதா என்று கேட்டீர்கள். நான் படிக்கிறேனே. ரிக்கோ முதல்முறை கவசத்தோடு குதிக்கிற காட்சியில் இன்னமும் எனக்குக் கை வியர்க்கும். படித்து முடித்து ஒருநாள் கழித்து, பூச்சிகள் தரப்பில் ஒருத்தி வந்து நின்றால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றுமே தோன்றாதபடி எழுத்தாளர் கட்டியிருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்த கதை என்று தெரிந்துவிடும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால் வெல்ஸ், ஹைன்லைன், ஹால்டிமன், இந்த வரிசையில் போங்கள். ஹால்டிமனைக் கட்டாயம் ஹைன்லைனுக்கு அப்புறம்தான் படிக்க வேண்டும். மூன்றும் பட்டறையில் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை தவிர எப்போது வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ‘ஃபுட்ஃபால்’ மட்டும் இரவல் கிடையாது. அட்டை கழன்று நூல் போட்டுத் தைத்து வைத்திருக்கிறேன், உள்ளே அந்தப் பேக்கரி பில்லும் இருக்கிறது.